சுழல் பிளேடு புல்வெட்டி: பராமரிப்புக்காகப் பாகங்களைக் கழற்றும்போது அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே சொல்வதெல்லாம் பெரும்பாலும் கையால் தள்ளிக்கொண்டு போகும் பெட்ரோல் புல்வெட்டிக்கு, அதாவது கீழே ஒற்றைப் பிளேடு படுக்கைவாட்டில் சுழலும் வகைக்கு. மின்சார வகைக்கும் உட்கார்ந்து ஓட்டும் வகைக்கும் கடைசியில் தனியாகச் சொல்லியிருக்கிறேன். உங்கள் மாடலின் கையேடு வேறு மாதிரி சொன்னால் கையேட்டைத்தான் கேட்க வேண்டும்.

எதைக் கழற்றினாலும் முதலில் செய்ய வேண்டியது என்ன?

ஸ்பார்க் பிளக்கின் தலையில் மாட்டியிருக்கும் ரப்பர் தொப்பியைப் பிடுங்குங்கள். ஒயரைப் பிடித்து இழுக்காமல் தொப்பியைப் பிடித்து லேசாகத் திருகி இழுத்தால் வந்துவிடும். கழற்றிய தொப்பியை பிளக்குக்கு எட்டாத தூரத்தில் ஒரு கயிற்றால் கட்டி வையுங்கள், ஏனென்றால் அந்த ஒயர் விறைப்பானது, விட்டால் பழைய இடத்துக்கே திரும்பிப் போய் பிளக்கைத் தொடும். எஞ்சின் ஆறியிருக்கவும் வேண்டும். சைலன்சர் தொட்டால் சுடும் நிலையில் பக்கத்தில் பெட்ரோலோடு எந்த வேலையும் வேண்டாம்.

எஞ்சினை அணைத்தாயிற்று, கைப்பிடி லீவரையும் விட்டாயிற்று. அப்புறமும் பிளக் ஒயரை எடுக்க வேண்டுமா?

கட்டாயம் எடுக்க வேண்டும். இந்த எஞ்சின்களில் பொறி உண்டாக்க பேட்டரி தேவையில்லை. ஃப்ளைவீலில், அதாவது எஞ்சினோடு சுழலும் கனமான சக்கரத்தில், பதித்த காந்தம் பக்கத்தில் இருக்கும் காயிலைக் கடந்து போனாலே பொறி பிறக்கும். பிளேடு, ஃப்ளைவீல், பிஸ்டன் எல்லாம் கிராங்க் ஷாஃப்ட் என்ற ஒரே தண்டோடு இணைந்தவை, அதனால் கீழே குனிந்து பிளேடைக் கையால் சுற்றுவது மேலே கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்வதற்குச் சமம். லீவரை விட்டதும் பொறியைத் தடுக்கும் ஏற்பாடு ஒன்று இருக்கிறதுதான், ஆனால் அது ஒரு மெல்லிய ஒயரை நம்பி இருக்கிறது. அந்த ஒயர் எலி கடித்தோ துருப்பிடித்தோ அறுந்திருந்தால் வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. சிலிண்டரில் மிச்சமிருக்கும் கொஞ்சம் பெட்ரோல் ஆவி ஒரே ஒருமுறை பற்றினாலும் பிளேடு அரைச் சுற்றாவது சுற்றிவிடும், விரல் போக அது போதும்.

அமெரிக்காவில் 1982 முதல் தயாராகும் தள்ளு வகைப் புல்வெட்டிகளில், லீவரை விட்ட 3 வினாடிக்குள் பிளேடு நிற்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. ஓடும் பிளேடிலிருந்து கையைக் காப்பாற்ற வந்த ஏற்பாடு அது. கழற்றி வேலை செய்பவரின் பாதுகாப்பு பிளக் ஒயரில்தான் இருக்கிறது.

புல்வெட்டியை எந்தப் பக்கம் சாய்ப்பது?

ஏர் ஃபில்டரும் கார்புரேட்டரும் மேலே வருகிற மாதிரி. தவறான பக்கம் சாய்த்தால் எஞ்சின் ஆயில் கார்புரேட்டர் வழியாக ஏர் ஃபில்டரில் இறங்கி அதை ஊறவைத்துவிடும், சிலிண்டருக்குள்ளும் போகும். சில மாடல்களில் பக்கவாட்டில் சாய்க்காமல் கைப்பிடியைத் தரையில் கிடத்தி முன்பக்கத்தைத் தூக்கச் சொல்வார்கள், அப்போது பிளக் மேல்நோக்கி இருக்கும். முடிந்தால் டேங்கில் பெட்ரோல் தீர்ந்த பிறகு சாய்ப்பது நல்லது. பெட்ரோல் இருந்தால் டேங்க் மூடியைத் திறந்து, வாயில் ஒரு பிளாஸ்டிக் தாளை வைத்து மறுபடி மூடியைத் திருகிக்கொள்ளலாம். மூடியில் காற்றுக்காக விட்டிருக்கும் ஓட்டை வழியாக ஒழுகுவது ஓரளவு நிற்கும். வேலை முடிந்ததும் அந்தத் தாளை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் காற்று போகாமல் எஞ்சின் கொஞ்ச நேரத்தில் மூச்சு முட்டி நின்றுவிடும்.

தவறான பக்கம் சாய்த்துவிட்டேன், இப்போது ஸ்டார்ட்டர் கயிறு அசையவே இல்லை. என்ன செய்வது?

பலம் போட்டு இழுக்காதீர்கள். சிலிண்டரில் ஆயில் நிறைந்திருக்கலாம், திரவத்தை பிஸ்டனால் அமுக்க முடியாது, மீறி இழுத்தால் உள்ளே ஏதாவது வளையும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, பிளக் துளைக்கு நேரே முகத்தைக் காட்டாமல் தள்ளி நின்று, கயிற்றை மெதுவாகச் சிலமுறை இழுத்தால் ஆயில் வெளியே தெறித்து வந்துவிடும். துடைத்து, பிளக்கையும் துடைத்து மாட்டுங்கள். காகித ஃபில்டர் ஆயிலில் ஊறியிருந்தால் புதுசுதான் போட வேண்டும். ஆயில் அளவைப் பார்த்துக் குறைந்ததை ஊற்றிக்கொள்ளுங்கள். முதலில் ஸ்டார்ட் ஆகும்போது வெள்ளையாகவோ நீலமாகவோ புகை கிளம்பும், திறந்த வெளியில் கொஞ்ச நேரம் ஓடவிட்டால் அடங்கிவிடும்.

பிளேடைக் கழற்றும் முறை?

தடிமனான கையுறை போட்டுக்கொள்ளுங்கள், மழுங்கிய பிளேடும் கிழிக்கும். பிளேடின் முனைக்கும் டெக்கின் (பிளேடை மூடியிருக்கும் கூட்டின்) உள்சுவருக்கும் நடுவில் ஒரு மரக்கட்டையைச் செருகினால் பிளேடு சுற்றாமல் நிற்கும். அப்புறம் நடு போல்ட்டை அதற்குச் சரியான சாக்கெட்டால் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் திருப்ப வேண்டும். தள்ளு வகையில் பெரும்பாலும் இந்தத் திசைதான், ஆனாலும் இடது மரை போட்ட மாடல்களும் உண்டு, கையேட்டில் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

பிளேடு இறங்குமுன் ஒரு போட்டோ எடுங்கள். எந்த வாஷர் மேலே, எது கீழே, பிளேடின் எந்த முகம் தரையைப் பார்த்தது என்று தெரிய வேண்டும். பெயிண்ட் மார்க்கரால் தரையைப் பார்த்த பக்கத்தில் ஒரு கோடு போட்டு வைத்தால் இன்னும் உறுதி. பிளேடைத் தலைகீழாக மாட்டுவது நிறையப் பேருக்கு நடப்பது. ஓடும், சத்தமும் வரும், ஆனால் புல்லை வெட்டாமல் அடித்து நசுக்கிக்கொண்டே போகும்.

போல்ட் அசையவே மாட்டேன் என்கிறது.

துரு இளக்கும் ஆயிலை போல்ட் தலையைச் சுற்றி அடித்து ஒரு ராத்திரி விட்டுப் பாருங்கள். சாக்கெட் ஆறு முனை உள்ளதாக இருக்கட்டும், பன்னிரண்டு முனைச் சாக்கெட்டும் அட்ஜஸ்டபிள் ஸ்பேனரும் தலையின் மூலைகளை மழுக்கிவிடும். அப்புறம் நீளமான கைப்பிடி போட்டு, வெடுக்கென்று இழுக்காமல் சீராக அழுத்தம் கொடுங்கள். முதல் கால் சுற்றுதான் கஷ்டம். இம்பாக்ட் ரெஞ்ச் இருந்தால் கழற்ற மட்டும் பயன்படுத்தலாம், மாட்டுவதற்கு வேண்டாம். நெருப்பு காட்டிச் சூடேற்றும் யோசனையை விட்டுவிடுங்கள், மேலே பெட்ரோல் டேங்க் இருக்கிறது, கிராங்க் ஷாஃப்டின் ஆயில் சீலும் அங்கேயேதான் இருக்கிறது.

இன்னொன்றையும் செய்யாதீர்கள்: பிளக் துளையில் கயிறோ இரும்போ திணித்து பிஸ்டனை நிறுத்தி, அதன் பலத்தில் பிளேடு போல்ட்டைத் திருகுவது. மரக்கட்டை செய்கிற வேலைக்கு பிஸ்டனைப் பணயம் வைக்க வேண்டியதில்லை.

பிளேடு வந்துவிட்டது. அதற்கு மேலே தண்டில் இருக்கும் துண்டையும் எடுக்கலாமா?

அது பிளேடைத் தாங்கும் அடாப்டர். தண்டில் வெட்டியிருக்கும் பள்ளத்தில் ஒரு சின்னச் சாவித் துண்டு உட்கார்ந்திருக்கும், அடாப்டர் வழுக்காமல் இருப்பது அதனால்தான். அடாப்டரில் விரிசல் இல்லை, பிளேடு உட்காரும் பற்கள் தேயவில்லை, சாவியும் நறுங்கவில்லை என்றால் அதை அப்படியே விடலாம். பிளேடு கல்லிலோ மர வேரிலோ பலமாக மோதியிருந்தால் மட்டும் கண்டிப்பாக இறக்கிப் பாருங்கள். கூடவே கிராங்க் ஷாஃப்ட் வளைந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பிளக் ஒயர் எடுத்த நிலையில், இன்னொருவர் கயிற்றை மெதுவாக இழுக்க, நீங்கள் தள்ளி நின்று தண்டின் நடுத்துளையைக் கவனியுங்கள். துளை ஒரே இடத்தில் நின்று சுழன்றால் நேராக இருக்கிறது, வட்டமடித்தால் தண்டு வளைந்திருக்கிறது. வளைந்த தண்டோடு ஓட்டக் கூடாது.

பிளேடைச் சாணை பிடிப்பதா, மாற்றுவதா?

வளைந்திருந்தால், விரிசல் விட்டிருந்தால், அல்லது முனையில் மேல்நோக்கி மடிந்திருக்கும் இறக்கைப் பகுதி தேய்ந்து மெலிந்திருந்தால் மாற்றிவிடுங்கள். இறக்கையும் தட்டையான பகுதியும் சேரும் இடத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும், மண்ணும் மணலும் அங்கே அரித்து ஒரு பள்ளம் விழுந்திருக்கும், கடைசியில் அந்த இடத்தில்தான் துண்டாக உடையும். வளைந்த பிளேடைத் தட்டி நேராக்குவது, விரிசலை வெல்டு வைப்பது இரண்டுமே கூடாது. அமெரிக்கப் பாதுகாப்புத் தரத்தின்படி பிளேடு முனையின் வேகத்துக்கு உச்சவரம்பு நிமிடத்துக்கு 19,000 அடி, அது வினாடிக்குக் கிட்டத்தட்ட 96 மீட்டர். அந்த வேகத்துக்குப் பக்கத்தில் சுழலும் இரும்பிலிருந்து ஒரு துண்டு பிய்த்துக்கொண்டு போனால் எதிரே யார் நின்றாலும் ஆபத்து.

சாணை பிடிப்பதென்றால் அரமே போதும். முன்பு இருந்த சரிவையே, பெரும்பாலும் 30 பாகை அளவில் இருக்கும், அப்படியே தொடருங்கள். மேல் முகத்தில் மட்டும் தேய்க்க வேண்டும், சவரக் கத்தி போலக் கூர்மையாக்கினால் முதல் சுற்றிலேயே விளிம்பு மடிந்துவிடும். கிரைண்டர் பிடித்தால் ஒரே இடத்தில் நிற்காதீர்கள், இரும்பு நீலமாக மாறினால் அந்த இடத்தில் கடினத்தன்மை போய்விட்டது என்று அர்த்தம்.

அப்புறம் எடை சமமாக இருக்கிறதா பார்க்க வேண்டும், இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். சுவரில் ஒரு ஆணி அடித்து பிளேடின் நடுத்துளையை அதில் மாட்டிக் கிடையாக விடுங்கள். ஒரு பக்கம் இறங்கினால் அந்தப் பக்க நுனியின் வெட்டும் விளிம்பில் இன்னும் கொஞ்சம் அரம் போடுங்கள், நேராக நிற்கும் வரை. சமமில்லாத பிளேடு எஞ்சினை அதிரவைத்து பேரிங்கையும் ஆயில் சீலையும் தின்னும், கைப்பிடி அதிர்வில் உங்கள் கையும் மரத்துப்போகும்.

திரும்ப மாட்டும்போது எவ்வளவு இறுக்க வேண்டும்?

டார்க் ரெஞ்சும் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் ஸ்பேனர்) கையேட்டில் உள்ள எண்ணும் வேண்டும். தள்ளு வகையில் பல மாடல்களுக்கு ஏறத்தாழ 45 முதல் 80 நியூட்டன் மீட்டருக்குள் வரும், ஆனால் உங்கள் எண்ணை உங்கள் கையேடுதான் சொல்ல வேண்டும். இறக்கை டெக்கைப் பார்த்து மேல்நோக்கி இருக்க வேண்டும். கிண்ணம் போலக் குழிந்த வாஷர் இருந்தால் பொதுவாகக் குழிந்த பக்கம் பிளேடைப் பார்க்கும், மேடான நடுப்பகுதி போல்ட் தலையைப் பார்க்கும். போல்ட்டின் மரையில் கிரீஸ் தடவாதீர்கள், கையேடு சொன்னால் ஒழிய. கிரீஸ் இருந்தால் அதே டார்க்குக்கு போல்ட் அளவுக்கு மீறி இழுபடும். மரை தேய்ந்த போல்ட்டுக்குக் கடையில் கிடைக்கும் ஏதோ ஒரு போல்ட்டைப் போடாமல் அதற்கென்றே வரும் போல்ட்டை வாங்குங்கள்.

ஏர் ஃபில்டர்?

கவரின் கிளிப்பையோ ஸ்க்ரூவையோ எடுத்தால் கையோடு வரும். எடுக்கும்போது அழுக்கு கார்புரேட்டர் வாய்க்குள் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காகித வகையை லேசாகத் தட்டி உதறலாம், கம்ப்ரெசர் காற்று அடித்தால் காகிதம் கிழியும், ஆயில் தடவவே கூடாது. ஸ்பாஞ்ச் வகையை சோப்புத் தண்ணீரில் அலசி, நன்றாக உலர்த்தி, சில சொட்டு எஞ்சின் ஆயில் விட்டுப் பிசைந்து, மிச்சத்தைப் பிழிந்துவிட்டு மாட்டுங்கள். இரண்டும் சேர்ந்த வகையில் ஸ்பாஞ்சுக்கு ஆயில் வேண்டுமா வேண்டாமா என்பது மாடலைப் பொறுத்தது.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுவதில் கவனிக்க என்ன இருக்கிறது?

எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். சிலிண்டர் தலை அலுமினியம், சூட்டோடு திருகினால் மரை பிய்ந்து வரும். கழற்றுமுன் சுற்றிலும் இருக்கும் புல்லையும் மண்ணையும் பிரஷ்ஷால் தள்ளுங்கள், இல்லையென்றால் பிளக் வந்ததும் அதெல்லாம் சிலிண்டருக்குள் விழும். இடைவெளி பல எஞ்சின்களில் 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர். மாட்டும்போது கையால் மட்டுமே திருகி முழுசாக உட்கார வையுங்கள், பாதியில் சிக்கினால் மரை கோணலாகப் பிடித்திருக்கிறது, பின்னால் திருப்பி மறுபடி தொடங்குங்கள். உட்கார்ந்த பிறகு, வாஷர் உள்ள புது பிளக்குக்கு அரைச் சுற்று, ஏற்கெனவே போட்டிருந்ததற்கு எட்டில் ஒரு பங்கிலிருந்து கால் சுற்று. அவ்வளவுதான்.

எஞ்சின் ஆயிலை எப்படி வடிப்பது?

எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்டு, வெதுவெதுப்பாக இருக்கும்போது வடித்தால் அழுக்கும் சேர்ந்து வரும். சில மாடல்களில் அடியில் வடிகால் போல்ட் இருக்கும், பலவற்றில் ஊற்றும் குழாய் வழியாகவே சாய்த்து வடிக்க வேண்டும். பிளேடைக் கழற்றும் நாளிலேயே இதையும் வைத்துக்கொண்டால் ஒருமுறை சாய்த்தால் போதும். பெரும்பாலான தள்ளு வகைகளுக்கு அரை லிட்டரை ஒட்டிப் பிடிக்கும். மொத்தமாக ஊற்றாமல் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி அளவுக்குச்சியைப் பார்த்துக்கொண்டே வாருங்கள். பழைய ஆயிலைச் சாக்கடையிலோ மண்ணிலோ கொட்டாதீர்கள்.

கார்புரேட்டரை நானே கழற்றலாமா?

பொறுமை இருந்தால் தாராளமாக. பல நேரம் முழுசாகக் கழற்ற வேண்டிய தேவையே இருக்காது. பழைய பெட்ரோல் தேங்கிப் பிசினாக உறைவது கீழே இருக்கும் கிண்ணத்திலும், பெட்ரோல் போகும் சின்ன ஓட்டை கொண்ட மெயின் ஜெட்டிலும்தான், அதற்கு கிண்ணத்தை மட்டும் இறக்கினால் போதும். பெட்ரோல் குழாயை அடைத்துவிட்டு, அடியில் ஒரு பாத்திரம் வைத்து, கிண்ணத்தின் நடு போல்ட்டைத் திருகுங்கள். கிண்ணத்தை நேராகக் கீழே இறக்குங்கள், மேலே மிதவை தொங்கிக்கொண்டிருக்கும். மிதவையின் குறுக்கு ஊசியை உருவினால் மிதவையும் அதோடு ஒட்டிக்கொண்டு கூர்முனை வால்வும் வரும், அது விரல்நுனி அளவுதான், தட்டு வைத்துக்கொண்டு வேலை செய்யாவிட்டால் தொலைந்துபோகும். நடுவில் நிற்கும் தூணுக்குள் பித்தளை ஜெட் இருக்கும், அகலம் சரியாகப் பொருந்துகிற ஸ்க்ரூடிரைவரால் எடுங்கள்.

ஜெட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஓட்டை வட்டமாகத் தெரிய வேண்டும். பிறை மாதிரியோ விளிம்பு பிசிறடித்தோ தெரிந்தால் உள்ளே இன்னும் பிசின் ஒட்டியிருக்கிறது. கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்து, வேண்டுமானால் ஒயரிலிருந்து உருவிய மெல்லிய செம்பு இழையால் துழாவுங்கள். எஃகுக் கம்பியோ டிரில் பிட்டோ ஓட்டையை அகலமாக்கிவிடும், அதற்கப்புறம் பெட்ரோல் கூடுதலாகப் பாய்ந்து கரும்புகைதான். சில எஞ்சின்களில் கிண்ணத்தைப் பிடிக்கும் போல்ட்டே ஜெட்டாகவும் இருக்கும், அதன் பக்கவாட்டில் உள்ள சின்ன ஓட்டைகளையும் பார்க்க மறக்காதீர்கள்.

முழுசாகக் கழற்றுவதானால் எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் ஸ்பிரிங் எந்த ஓட்டையில் மாட்டியிருந்தது, கம்பி எந்தப் பக்கத்திலிருந்து நுழைந்தது என்று பக்கத்திலிருந்து பல போட்டோ எடுங்கள். அடுத்தடுத்து ஓட்டைகள் இருக்கும், ஒன்று மாறினாலும் எஞ்சின் வேகம் மாறும், அளவுக்கு மீறிச் சீறவும் செய்யலாம். ஸ்பிரிங்கை இழுத்து நீட்டிவிடாமல், கார்புரேட்டரைத் திருப்பிக் கொக்கியை நழுவவிட்டு எடுங்கள். எஞ்சினுக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் வரும் கேஸ்கட்டும் பிளாஸ்டிக் துண்டும் எந்த வரிசையில், எந்த முகமாக இருந்தன என்பதும் முக்கியம், அவற்றில் இருக்கும் சின்ன ஓட்டைகள் ஒன்றுக்கொன்று நேராக வந்தால்தான் வேலை செய்யும்.

ஸ்டார்ட்டர் கயிறு அறுந்துவிட்டது. அந்த டப்பாவைத் திறக்கலாமா?

எஞ்சின் மேல் மூடியின் போல்ட்டுகளை எடுத்தால் ஸ்டார்ட்டர் முழுசாக வரும், அதுவரை பயமில்லை. உள்ளே சுருண்டிருக்கும் தட்டை ஸ்பிரிங்தான் பிரச்சினை, கப்பியைத் தூக்கினால் சீறிக்கொண்டு வெளியே வரும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் தொடாதீர்கள். கயிறு மாற்ற மட்டுமென்றால் கப்பியைத் தூக்க வேண்டியதில்லை. கப்பியைச் சுழற்றி ஸ்பிரிங்கை முறுக்கி, கயிற்று ஓட்டைகள் நேராக வந்ததும் ஒரு கிளாம்ப்பால் கப்பியைப் பிடித்து நிறுத்தி, புதுக் கயிற்றைக் கோத்து முடிச்சுப் போடலாம்.

ஃப்ளைவீலை எப்போது எடுக்க வேண்டியிருக்கும்?

பிளேடு எதிலோ மோதி நின்ற பிறகு எஞ்சின் ஸ்டார்ட் ஆகவில்லை, கயிறு கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்குகிறது, சைலன்சரில் வெடிக்கிறது என்றால் ஃப்ளைவீல் சாவி நறுங்கியிருக்க நிறைய வாய்ப்பு. பல எஞ்சின்களில் இந்தச் சாவி வேண்டுமென்றே மென்மையான உலோகத்தில் இருக்கும். ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலே பொறி விழும் நேரம் மாறிவிடும். நட்டை எடுத்தபின் அந்த எஞ்சினுக்கான புல்லர் போட்டுத்தான் இழுக்க வேண்டும். தண்டின் நுனியில் சுத்தியலால் அடித்தால் மரை நசுங்கும், ஸ்க்ரூடிரைவரை அடியில் விட்டு நெம்பினால் காயிலோ ஃப்ளைவீலின் விசிறி இதழோ உடையும். புல்லர் இல்லையென்றால் இந்த ஒரு வேலையை மெக்கானிக்கிடம் விடுங்கள். புதுச் சாவி எஞ்சின் கம்பெனி சொல்லும் உலோகத்தில்தான் இருக்க வேண்டும், உடையாத எஃகுச் சாவி போட்டால் அடுத்த மோதல் தண்டுக்குப் போகும்.

சக்கரமும் டிரைவ் பெல்ட்டும்?

சாதாரணச் சக்கரம் ஒரே போல்ட். தானாக நகரும் மாடலில் ஓட்டும் சக்கரத்துக்குள் சின்னப் பல்சக்கரமும் அதற்குள் ஒரு சாவியும் இருக்கும், பல மாடல்களில் இடதும் வலதும் வேறு வேறு. ஒரு பக்கத்தை முழுசாக முடித்து மாட்டிய பிறகே அடுத்ததைத் தொடுங்கள், சந்தேகம் வந்தால் பார்த்துக்கொள்ள ஒன்று கழற்றாமல் இருக்கும். சக்கர உறைக்குள் கிரீஸை அப்பினால் மண் ஒட்டி அரைக்கும்.

பெல்ட்டுக்கு பிளேடை எடுத்து, அடாப்டரை இறக்கி, பெல்ட் மூடியை எடுக்க வேண்டும். பெல்ட் எந்தக் கம்பிக்கு உள்ளே போகிறது, எதற்கு வெளியே போகிறது என்று பார்த்து வையுங்கள்.

மின்சார, பேட்டரி புல்வெட்டிகளுக்கு?

பிளக்கை சுவரிலிருந்து உருவுங்கள், பேட்டரி வகையில் பேட்டரியையும் பாதுகாப்புச் சாவியையும் வெளியே எடுத்துக் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வையுங்கள். சுவிட்ச் அணைந்திருக்கிறது என்பது கணக்கில்லை. பிளேடைக் கழற்ற, முன்பு சொன்ன முறைதான். தண்ணீர்க் குழாயால் கழுவக் கூடாது, மரச் சுரண்டியாலோ பிளாஸ்டிக் சுரண்டியாலோ ஒட்டிய புல்லைச் சுரண்டுங்கள். மோட்டாரைத் திறப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

உட்கார்ந்து ஓட்டும் வகையில் டெக்கை இறக்குவது?

சமதளத்தில் நிறுத்தி, பார்க்கிங் பிரேக் போட்டு, சாவியை எடுத்து, பிளக் ஒயர்களையும் கழற்றி (இரண்டு சிலிண்டர் என்றால் இரண்டையும்), டெக்கை மிகத் தாழ்ந்த உயரத்துக்கு இறக்குங்கள். எஞ்சின் கப்பியிலிருந்து பெல்ட்டை விடுவித்து, தாங்கும் ஊசிகளின் கிளிப்புகளை எடுத்தால் டெக் தரையில் உட்கார்ந்துவிடும், பக்கவாட்டில் இழுக்கலாம். தூக்கும் லீவரில் பலமான ஸ்பிரிங் உண்டு, டெக்கின் கனம் போனதும் அது துள்ளும், அதனால் அதன் பாதையில் கை வேண்டாம். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் நுழையவே கூடாது.

எல்லாம் மாட்டியாயிற்று. முதல்முறை ஸ்டார்ட் செய்யுமுன் என்ன பார்க்க வேண்டும்?

மரக்கட்டையை எடுத்தீர்களா, டேங்க் மூடியில் பிளாஸ்டிக் தாள் இருக்கிறதா, ஆயில் அளவு சரியா, கார்புரேட்டருக்கு அடியில் பெட்ரோல் சொட்டுகிறதா. பிளக் ஒயர் இன்னும் மாட்டாத நிலையில் லீவரைப் பிடித்துக்கொண்டு கயிற்றை மெதுவாக இரண்டு மூன்று தரம் இழுங்கள், பிளேடு எங்கும் உரசாமல் சுற்ற வேண்டும். தட்டில் ஒரு வாஷர் மிச்சமிருந்தால் அது எங்கிருந்து வந்தது என்று தெரியும் வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள், போட்டோக்களைத் திரும்பப் பாருங்கள். அப்புறம் ஒயரை மாட்டி, புல் இல்லாத சமதளத்தில் ஒரு நிமிடம் ஓடவிடுங்கள். முன்பு இல்லாத அதிர்வு இருந்தால் உடனே அணைத்து, ஒயரை மறுபடி எடுத்துவிட்டு, முதலில் பிளேடு போல்ட்டைப் பாருங்கள்.